இருபத்து மூன்று நண்பர்கள்

டீ சூடாக இருந்தால் எனக்குக் குடிக்க வராது, இன்ஸ்பெக்டர் சார். ஆறவிட்டு, மேலே ஆடை படிந்த பிறகு, அதை விரலால் ஓரமாக ஒதுக்கிவிட்டுத்தான் குடிப்பேன். நேற்று ஸ்டேஷனில் வாங்கிக் கொடுத்த டீயை நான் தொடாததைப் பார்த்து, கிழவன் பயந்துவிட்டான் என்று உங்கள் கான்ஸ்டபிள் நினைத்துக்கொண்டார். அப்படியில்லை. இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன், பின்னால் தேவைப்படும்.

தமிழில் எழுதித் தரலாமா என்று கேட்டதற்கு "ஹவ், லிக்கோ சாப்" என்று தலையாட்டினீர்கள். உங்கள் ரைட்டர் சித்தூர்க்காரர், படித்துச் சொல்லிவிடுவார் என்றும் சொன்னீர்கள். சந்தோஷம். இதற்கு முன் இரண்டு தடவை வாயால் சொல்லிப் பார்த்தேன். முதல் தடவை சிரித்தீர்கள். இரண்டாம் தடவை காலனியில் விசாரித்துவிட்டு வந்து, பெரியவரே வீட்டுக்குப் போங்கள் என்று ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டீர்கள். காலனியில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஜகதீசன் சொல்வதில் பாதி புளுகு, மீதி அந்தப் புளுகுக்கு முன்னுரை. மறுக்க மாட்டேன். எழுபத்து மூன்று வயதில் மறுத்து என்ன ஆகப்போகிறது.

வெங்கடராமன் இறந்த விஷயமாக, அவன் வீட்டு மாடியில் குடியிருந்த சபீனாவை நான்கு நாட்களாக வரவழைத்து விசாரிக்கிறீர்கள். நீங்கள் விசாரிக்க வேண்டிய ஆள் அவளில்லை. ஏன் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

வெங்கடராமனும் நானும் பாலாநகரில் ஒரே தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருஷம் எதிரெதிர் மேஜை. விமானத்தில் வைக்கிற ரேடியோப் பெட்டிகளைச் சோதித்து அனுப்புவது எங்கள் வேலை. அவன் தஞ்சாவூர்ப் பக்கம், நான் ஆரணி. ஓய்வுபெற்ற பிறகு இருவரும் திருமுல்கேரியில் ஒரே காலனியில் வீடு கட்டினோம். வாசல் வேறு வேறு தெருவில் இருந்தாலும் கொல்லைச் சுவர் ஒன்றுதான். அவனுக்கு நான் ஜகா, எனக்கு அவன் வெங்கு.

எங்கள் வேலையில் டம்மி லோடு என்று ஒன்று உண்டு. பெட்டி சரியாக ஒலிபரப்புகிறதா என்று பார்க்க வேண்டும், ஆனால் நிஜமான ஆன்டெனாவில் மாட்டிப் பேசவிட்டால் வானத்தில் போகிறவனெல்லாம் குழம்பிப்போவான். அதனால் ஆன்டெனாவுக்குப் பதிலாக எண்ணெய் ஊற்றிய ஒரு டப்பாவை மாட்டுவோம். பெட்டி தன் முழு பலத்தோடு பேசும். மீட்டர் முள் அழகாக ஏறும். ஒரு சொல்கூட வெளியே போகாது. எண்ணெய் மட்டும் கொஞ்சம் சூடாகும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வெங்கு அதைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "பாவம்டா ஜகா. யாரோ கேட்டுண்டிருக்கான்னு நெனச்சுண்டு பேசறது."

அவனுக்கு இளகிய மனசு. தைரியம்தான் கிடையாது. எதற்குக் கூப்பிட்டாலும் முதலில் கேட்கிற கேள்வி, "யார் யார் வரா?" கல்யாணமானாலும் சினிமாவானாலும் அதே கேள்விதான். ஒரு வருஷம் தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் வந்தபோது, யார் யார் வெளியே போகிறார்கள் என்று எண்ணிக்கொண்டே கேட்டில் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே என்று நின்றான். நிர்வாகம் அவனுக்கு அரைநாள் சம்பளம் பிடித்தது. தேர்தல் நாளில் வாக்குச்சாவடிக்கு எதிரே நின்று, வரிசையில் தெரிந்த முகம் எத்தனை என்று பார்ப்பான். மூன்று தேறினால் போய் நிற்பான். தேறாவிட்டால் வீட்டுக்கு வந்து தூங்கிவிடுவான். அவனுக்கு ஜனநாயகத்தில் நம்பிக்கை இருந்தது. தனியாக நம்ப வராது, அவ்வளவுதான்.

பால் பூத்துக்குப் பக்கத்தில் ஒரு சிமென்ட் பெஞ்சு இருக்கிறது. சாயங்காலம் ஐந்தரைக்கு அங்கே நான் கதை சொல்வேன். தொடக்கத்தில் ஆறு பேர் கேட்டார்கள். இருவர் காலமாகிவிட்டார்கள், மூவர் பிள்ளைகளோடு பெங்களூர், பூனா என்று போய்விட்டார்கள். கடைசியில் வெங்கு மட்டும் மிஞ்சினான். ஒரு ஆள் போதும். கேட்கிறவன் ஒருவன் இருக்கிற வரையில் அது கதை. அவனும் போய்விட்டால் கிழவன் தனியாகப் பேசுகிறான் என்பார்கள்.

என் கதைகளில் பெயர் போனது பாலாநகர் எருமை. எழுபத்து நாலில் எங்கள் ஸ்கிராப் யார்டுக்குள் புகுந்த எருமை ஒன்று அரைக் கிலோ செம்புக் கம்பியையும் ஒரு கிரிஸ்டலையும் தின்றுவிட்டது. அன்று முதல் அதன் இடது கொம்பைத் தொட்டால் இலங்கை வானொலி கேட்கும். வலது கொம்பைத் தொட்டால் சத்தம் குறையும். மழைநாளில் ஸ்டேஷன் நகர்ந்துவிடும், அப்போது வாலைச் சற்றே திருக வேண்டும். வருஷத்துக்கு ஒரு விவரம் சேர்த்து முப்பது வருஷம் செதுக்கியது. வாலைத் திருகுகிற இடம் மட்டும் எட்டு வருஷ யோசனை.

இரண்டாயிரத்துப் பதினொன்று ஜனவரியில் வெங்குவின் பையன் சந்தீப் அமெரிக்காவிலிருந்து வந்தான். அப்பாவுக்கு ஒரு லேப்டாப் வாங்கிக் கொடுத்து, ஃபேஸ்புக்கில் கணக்குத் திறந்து, பேரக்குழந்தை போட்டோ பார்க்கச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனான். மறுநாள் ஐந்தரைக்கு வெங்கு பெஞ்சுக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. கொல்லைச் சுவரருகே நின்று கூப்பிட்டேன். "இதோ வந்துண்டே இருக்கேன்டா" என்று குரல் மட்டும் வந்தது.

நானும் எலக்ட்ரானிக்ஸ்காரன்தானே. லால்பஜாரில் ஒரு நெட் சென்டருக்குப் போய், பிப்ரவரி மாதம் என் பெயரில் கணக்குத் திறந்து, அவனுக்கு நட்பு வேண்டுகோள் அனுப்பினேன். முப்பத்திரண்டு வருஷம் எதிரே உட்கார்ந்தவனுக்கு நண்பனாக இருக்கட்டுமா என்று விண்ணப்பம் போடுவது எனக்கே கொஞ்சம் சிரிப்பாகத்தான் இருந்தது. ஒரு வாரம் பார்த்தேன். ஒரு மாதம் பார்த்தேன். நேரில் கேட்டேன். "பார்த்தேன்டா. அதுல என்ன அவசரம்?" என்றான்.

ஏழு வாரம் ஆனது. ஒரு புதன்கிழமை நெட் சென்டரில் உட்கார்ந்து அய்யாக்கண்ணுவை உண்டாக்கினேன். ஓய்வுபெற்ற வேளாண்மை அதிகாரி, ஊர் மன்னார்குடி, வெங்குவோடு நாலாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் படித்தவர். முகத்துக்கு ஒரு தென்னைமரத்தைப் போட்டேன். வேண்டுகோள் அனுப்பிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கே நிமிஷத்தில் ஏற்றுக்கொண்டான்.

அந்தக் கணக்கை அப்போதே மூடியிருக்கலாம் என்று நீங்கள் கேட்கலாம். மூடுவதாகத்தான் இருந்தேன். ஆனால் ஐந்தாவது நிமிஷத்தில், "அய்யாக்கண்ணு, நீ அந்த மாங்காய் திருடி மாட்டிண்டவன்தானே?" என்று எழுதினான். அப்படி யாரோ ஒரு பையன் இருந்திருப்பான்போல. ஆமாம் என்றேன். அவ்வளவு சந்தோஷமாக அவன் எழுதி நான் பார்த்ததில்லை. சந்தோஷப்படுகிறவனைத் தடுப்பானேன்.

அய்யாக்கண்ணுக்குப் பிறகு கப்பல் கேப்டன் பக்தவத்சலம் வந்தார். அவருக்கு முகம் கலங்கரை விளக்கம். பிறகு ஹம்ஸினி என்று ஒரு ஆராய்ச்சி மாணவி, ரோஜா மொட்டு. அவர்கள் தங்களுக்குள் நண்பர்களானார்கள், தங்களுக்குத் தெரிந்தவர்களை அழைத்துவந்தார்கள். கும்பகோணத்தில் கிடைக்கிற காபி இப்போது காபியே இல்லை என்று கேப்டனுக்கும் அய்யாக்கண்ணுக்கும் மூன்று நாள் சண்டை. வெங்கு நடுவில் புகுந்து சமாதானம் செய்துவைத்தான். என்னையும் என்னையும் சேர்த்துவைத்துவிட்டு, அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன் என்று எழுதினான். வருஷக் கடைசியில் அவனுக்கு ஃபேஸ்புக்கில் இருபத்து மூன்று நண்பர்கள் இருந்தார்கள். மகன் சந்தீப், மருமகள் ஸ்ரேயா, மாடியில் இருந்த சபீனா, அவள் ஆபீஸ் நண்பன் தினேஷ், இவர்கள் நாலு பேர். மீதிப் பத்தொன்பது பேரும் நான்.

அதற்குள் நானும் ஒரு பழைய லேப்டாப் வாங்கிவிட்டேன். மாடியில் சபீனா வைத்திருந்த வைஃபையில்தான் கீழ்வீட்டுக்காரர்களும் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அதன் பாஸ்வேர்டை வெங்குவே எனக்குச் சொன்னான். கொல்லைச் சுவரைத் தாண்டி என் சமையலறை வரைக்கும் அது வரும். பத்தொன்பது கணக்கும் சபீனாவின் இணைப்பிலிருந்து வந்ததாக உங்கள் சைபர் பிரிவு கண்டுபிடித்ததற்குக் காரணம் என் சமையலறை. சந்தீப்பும் ஒன்றும் சந்தேகப்படவில்லை. அய்யாக்கண்ணுக்கு ஒருமுறை எழுதினான்: "அங்கிள், அப்பாவுக்குப் பேச்சுத்துணையாக இருப்பதற்கு ரொம்ப நன்றி." நன்றியை ஏற்றுக்கொண்டேன். யார் யாருக்கு நன்றி சொல்ல வேண்டுமோ அவர்களுக்குத்தானே போய்ச் சேர்ந்தது.

இப்போது சபீனாவைப் பற்றி. ஆம்பூர்ப் பெண். ஹைடெக் சிட்டியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. எங்கள் காலனிக்குப் பின்னால் ஒரு செருவு இருக்கிறது, ஏரி. ஜீடிமெட்லா பக்கத்திலிருந்து எந்தக் கம்பெனியுடையதோ தெரியாத டாங்கர்கள் விடியற்காலையில் வந்து, கல்வெர்ட்டு ஓரம் பின்பக்கமாக நின்று, மருந்துக் கழிவைத் திறந்துவிட்டுப் போய்விடும். தண்ணீர் ஒருநாள் பச்சை, ஒருநாள் மஞ்சள். அவள் ஃபேஸ்புக்கில் அதற்கென்று ஒரு குழு தொடங்கினாள். வெங்கு வீட்டு வராந்தாவில் காபி குடித்துக்கொண்டே அவள் சொன்னதை நானும் உட்கார்ந்து கேட்டேன்.

"அங்கிள், ஏரிக்காக ஒருத்தரும் வர மாட்டாங்க. ஏரி கெட்டுப்போச்சுன்னா 'அய்யோ பாவம்'னு ஒரு லைக் போட்டுட்டுப் போயிடுவாங்க. ஆனா தெரிஞ்சவங்க மூணு பேரு 'நான் வரேன்'னு போட்டாங்கன்னு வைங்க, நாலாவது ஆள் சட்டையை மாட்டிக்கிட்டுக் கெளம்பிடுவாரு."

"மூணு பேர் போறுமாம்மா?" என்று கேட்டான் வெங்கு.

"எனக்குப் போதும். உங்களுக்கு எத்தனை வேணும்?"

எல்லோரும் சிரித்தார்கள். அவன் மனைவி பட்டு, "இவருக்கு ஒரு பஸ் நெறைய வேணும்" என்றாள். நான் சிரிக்கவில்லை. எண்ணிக்கொண்டிருந்தேன்.

அன்று முதல் பத்தொன்பது பேருக்கும் ஏரிமேல் அக்கறை வந்துவிட்டது. வெங்கு வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மனுவில் விலாசத்தோடு கையெழுத்துப் போட்டான். கலெக்டர் அலுவலகத்துக்குச் சபீனாவோடும் தினேஷோடும் போனான். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து நாலு நிமிஷம் பேசினான். எழுபது வயதில் இந்த ஆளுக்கு எங்கிருந்து இத்தனை தைரியம் என்று காலனியே பேசியது. எங்கிருந்து என்று எனக்குத் தெரியும். நான்தானே தட்டச்சு செய்தேன்.

இதுவரையில் நான் ஒரு தப்பும் செய்யவில்லை என்பதை ரைட்டர் குறித்துக்கொள்ளட்டும். செய்தது வெங்குதான்.

இந்த வருஷம் ஜூன் மாதம் ஒருநாள், சபீனாவின் குழுவில் அவன் ஒரு கதை எழுதினான். எழுபத்து நாலில் எங்கள் ஸ்கிராப் யார்டில் புகுந்த ஓர் எருமையைப் பற்றி. "நான் இடது கொம்பைத் தொட்டேன்" என்று எழுதியிருந்தான். மழை, வால், திருகல், எல்லாம் இருந்தது. நான் மட்டும் இல்லை. இருநூற்றுப் பதினொரு பேர் ரசித்தார்கள். வெங்கட் அங்கிள் இவ்வளவு நகைச்சுவையாக எழுதுவார் என்று தெரியாதே என்றார்கள். அவன் ஒருவருக்கும், இது ஜகா சொன்னது என்று சொல்லவில்லை. கை கூப்பியபடி ஒரு பொம்மை போட்டான்.

அவனுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தேன். கேப்டன் பக்தவத்சலமாகப் போய் நைச்சியமாகக் கேட்டேன்: "அந்தக் காலத்து சகா ஜகதீசன் என்று ஒருவரைப் பற்றிச் சொல்வீர்களே, அவரை ஏன் இங்கே சேர்த்துக்கொள்ளவில்லை?" பதில் உடனே வந்தது. இன்னும் அந்தக் கணக்கில் இருக்கும், பார்த்துக்கொள்ளலாம். "ஜகாவுக்கு எதுக்கு ஓய் இதெல்லாம்? இங்கே நண்பனா இருக்கறது நேர்ல வர முடியாதவாளுக்கு. அவன் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கான். கூப்பிட்டா வந்துடுவான்."

கூப்பிட்டால் வந்துவிடுவானாம். நாய்க்குட்டியைப் பற்றிச் சொல்கிற மாதிரி. அந்த வரியை நான் எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே கணக்கில்லை. படிக்கப் படிக்க அதன் இளக்காரம் கூடிக்கொண்டேதான் போனது.

ஆகஸ்ட் மூன்றாவது ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கல்வெர்ட்டில் மனிதச் சங்கிலி என்று சபீனா அறிவித்தாள். முந்நூற்று நாற்பது பேர் வருவதாகப் போட்டார்கள். போலீஸ் அனுமதி கிடைக்காததால் சனிக்கிழமை மத்தியானமே அவள் அதைத் தள்ளிவைத்தாள். குழுவில் எழுதினாள். வெங்குவிடம் நேரிலும் வந்து சொன்னாள். "அங்கிள், நாளைக்கு யாரும் வர மாட்டாங்க, நீங்களும் போகாதீங்க. ப்ராமிஸ் பண்ணுங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டுதான் மாடிக்குப் போனாள். ஆகவே அவளை விசாரிப்பதில் பிரயோசனம் இல்லை. அவள் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறாள்.

சாயங்காலம் பத்தொன்பது பேரும் எழுதினார்கள். ஒரு ஆளாக வெளியே வந்து இன்னொரு ஆளாக உள்ளே போக நாற்பது விநாடி ஆகும். ஆனாலும் நிதானமாக ஒவ்வொருவருக்கும் அவரவர் பாஷையில் எழுதினேன். பின்வாங்குவதைத்தான் கம்பெனிக்காரன் எதிர்பார்க்கிறான் என்றார் கேப்டன். நான் ரயில் ஏறிவிட்டேன் என்றார் அய்யாக்கண்ணு. இத்தனை நாள் பேசியவர்கள் முதன்முறையாகச் சந்திக்கப்போகிறோம், அங்கிள் நீங்களே வராவிட்டால் எப்படி என்று கேட்டாள் ஹம்ஸினி. வெங்கு தன் வழக்கமான கேள்வியைக் கேட்டான். "யார் யார் வரேள்?" பத்தொன்பது பேரும் கை தூக்கினார்கள்.

வெளியூர்க்காரர்கள் பசியோடு வருவார்களே என்று பட்டு பத்தொன்பது பேருக்கு இட்லி மாவு அரைத்து வைத்தாள். அரைக்கிற சத்தம் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தது.

என் திட்டம் எளிமையானது. அவன் அங்கே போய் நிற்பான். ஒருவரும் வர மாட்டார்கள். பத்து நிமிஷம், கால் மணி, அந்த நண்பர்களின் லட்சணம் அவனுக்கே விளங்கும். அப்போது நான் பால் பூத் பக்கமிருந்து மெதுவாக நடந்துபோய், "என்ன வெங்கு, தனியா நிக்கறே?" என்பேன். வந்தது நான் ஒருவன்தான் என்று அவன் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் சார். இதில் என்ன குற்றம் இருக்கிறது?

காலை ஐந்தே முக்காலுக்கு நான் கல்வெர்ட்டு தெரிகிற மாதிரி எதிர்ச்சாரி இரானி டீக்கடையில் உட்கார்ந்தேன். லேசாகத் தூறல். டீ வந்தது. ஆறட்டும் என்று வைத்தேன். வெங்கு வந்தான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. ஒரு கையில் பெரிய பிளாஸ்க், இன்னொரு கையில் அடுக்கிய காகிதக் கோப்பைகள். கைப்பிடிச் சுவர்மேல் அவற்றை ஒவ்வொன்றாக வரிசையாக வைத்தான். காற்றுக்கு விழுந்தன. பொறுக்கி மறுபடி வைத்தான். இரண்டாவது தடவை ஒவ்வொன்றிலும் ஒரு சிறு கல் போட்டான்.

கடைக்காரர் என் கோப்பையைப் பார்த்துவிட்டு, "கைக்கு சாப், சாய் அச்சா நை க்யா?" என்று கேட்டார். நன்றாகத்தான் இருக்கிறது, ஆறட்டும் என்றேன்.

என் போனில் அய்யாக்கண்ணுவாக இருந்தேன். "நான் வந்தாச்சு. யாரையும் காணோமே" என்று வெங்கு எழுதினான். "ஸ்டேஷனில் இறங்கிவிட்டோம். எல்லோரும் ஒரே வண்டியில் வருகிறோம்" என்றேன். அவன் திரும்பித் திரும்பித் தெருமுனையைப் பார்த்தான். பிறகு என் போன் அடித்தது. திரையில் வெங்கு என்று வந்தது. அந்தப் போனில் அழைப்பு வந்தால் நெட் நின்றுவிடும். தவிர, கதையின் நடுவில் யார் கூப்பிட்டாலும் நான் எடுப்பதில்லை, அது என் பழக்கம். துண்டித்தேன்.

ஐந்து ஐம்பத்தெட்டுக்கு டாங்கர் வந்தது. திரும்பி, பின்பக்கமாகக் கல்வெர்ட்டை நோக்கி நகரத் தொடங்கியது. வெங்கு பயந்துபோய் ஓரம் ஒதுங்கினான். ஒதுங்கி நின்றுகொண்டு போனில் எதையோ அடித்தான், பிறகு இன்னொன்று அடித்தான். இரண்டாவது அய்யாக்கண்ணுக்கு வந்தது. "வண்டி வந்துடுத்து. நான் ஒண்டி. என்ன பண்ணட்டும்?"

அப்போது அவன் ஒதுங்கித்தான் இருந்தான். இதை நீங்கள் அடிக்கோடு போட்டுக்கொள்ள வேண்டும். போய்விடு என்று அய்யாக்கண்ணு சொல்லியிருந்தால் போயிருப்பான். நான் எழுதியது இது: "முனை திரும்பிவிட்டோம். பத்தொன்பது பேரும் உன் பின்னால்தான். வண்டியை மட்டும் விட்டுவிடாதே."

அவன் படித்தான். போனைச் சட்டைப் பையில் வைத்தான். நேராகப் போய் டாங்கருக்குப் பின்னால், டிரைவருக்குத் தெரியாத இடத்தில், கையை உயர்த்திக்கொண்டு நின்றான். நின்றபடி ஒருமுறை முனையைத் திரும்பிப் பார்த்தான். முகத்தில் சிரிப்பு இருந்தது என்று நினைக்கிறேன். தூரம், தூறல் வேறு.

கத்தியிருந்தால் கேட்டிருக்கும். அறுபதடி தூரம். எனக்குப் பெரிய குரல்தான், கதை சொல்கிறவன் குரல். ஆனால் டீ அப்போதுதான் குடிக்கிற பதத்துக்கு வந்திருந்தது. அரைக் கோப்பை பாக்கி. முடித்துவிட்டுப் போகலாம், அதற்குள் டிரைவர் பார்த்துவிடுவார் என்று நினைத்தேன். டிரைவர் பார்க்கவில்லை. நான் போனபோது காகிதக் கோப்பைகள் மட்டும் அப்படியே நின்றிருந்தன. கல் போட்டதால் ஒன்றும் விழவில்லை.

அன்று மாலை பத்தொன்பது பேரும் இரங்கல் எழுதினார்கள். கேப்டனுடையது கொஞ்சம் நீளமாகிவிட்டது. அதைப் படித்துவிட்டு அழுததாகப் பலர் எழுதினார்கள். அடுத்த ஞாயிறு கல்வெர்ட்டில் இரண்டாயிரம் பேர் கூடினார்கள். டாங்கர்கள் நின்றுவிட்டன. ஏரித் தண்ணீர் இப்போது தண்ணீர் நிறத்தில் இருக்கிறது. இதற்கெல்லாம் நான் நன்றி எதிர்பார்க்கவில்லை.

பதின்மூன்றாம் நாள் சாப்பாடு முடிந்து எல்லோரும் போன பிறகு, பட்டு என்னிடம் சொன்னாள்: "அந்தப் பத்தொன்பது பேர்ல ஒருத்தர்கூட எட்டிப் பார்க்கலையே. அவர் பிராணனே அவாகிட்டதான் இருந்தது. கடைசில நீங்க ஒருத்தர்தானே வந்தேள்." இதை ஒருவர் வாயால் கேட்க வேண்டும் என்றுதான் அத்தனையும் செய்தேன். கேட்டபோது நினைத்த அளவுக்கு ருசிக்கவில்லை. அதுவும் அவன் செய்த வேலைதான், அவனே சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் போய்விட்டான்.

பிறகு ஏன் வந்து ஒப்புக்கொள்கிறேன் என்று கேட்டீர்கள். சபீனா டெஸ்டிங் வேலை செய்கிறவள், போலிக் கணக்கு உண்டாக்குவது அவளுக்குக் கைவந்த கலை, அந்தப் பத்தொன்பது பேரையும் படைத்தது அவள்தான் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். அந்தப் பெண் அழுததாகச் சொன்னீர்கள். அது உங்கள் பாடு, அவள் பாடு. அய்யாக்கண்ணுவும் கேப்டனும் என் கை வேலை சார். ஒரு எருமை போனது போதும். இரண்டாவது தடவையும் என் கதையை இன்னொருவர் பெயரில் போடவிட மாட்டேன். பத்தொன்பது பாஸ்வேர்டும் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். அன்று காலை வெங்குவுக்கு வந்த செய்திகள் எந்தப் போனிலிருந்து போயின என்று விசாரித்தால் என் நம்பர் வரும். நீங்கள் இன்னும் அதுவரைக்கும் போகவில்லை.

ஒன்று பாக்கி. டாங்கர் திரும்பிக்கொண்டிருந்தபோது ஒதுங்கி நின்று இரண்டு செய்தி அடித்தான் என்றேனே. ஒன்றுதான் அய்யாக்கண்ணுக்கு. முதலாவது எங்கே போனது என்று அன்று எனக்குத் தெரியாது. பதின்மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்த பிறகு, ரொம்ப நாளாகத் திறக்காத ஒரு கணக்கைத் திறந்தேன், ஜகதீசன் என்று என் சொந்தப் பெயரில் இருந்ததை. வெங்கடராமன் உங்கள் நட்பு வேண்டுகோளை ஏற்றுக்கொண்டார் என்று இருந்தது. ஞாயிறு, காலை ஐந்து ஐம்பத்தெட்டு. கீழே ஒரு வரி. "ஜகா, யாரும் வரல. நீ வரியாடா?"

கூப்பிட்டால் வந்துவிடுவான் என்று சொன்னவன், கடைசியில் கூப்பிட்டும் பார்த்திருக்கிறான்.

அவன் கணக்கைச் சந்தீப் இன்னும் மூடவில்லை. நண்பர்கள் இருபத்து நான்கு என்று காட்டுகிறது. துரோகம் யார் செய்தது என்று நீங்களே தீர்மானியுங்கள், சார். அவன் என்னைப் பதினெட்டு மாதம் காக்கவைத்தான். நான் அவனை ஒரு டீ ஆறுகிற நேரம்தான் காக்கவைத்தேன்.